ஸ்ப்ளெண்டரில் பிடித்துக்கொண்ட ஸ்லோ ஜெட்: இரண்டு நாள் போராட்டம்

எட்டு மாதம் ஓடாமல் நின்ற பழைய ஸ்ப்ளெண்டர். சோக் போட்டால் ஸ்டார்ட் ஆகிறது, சோக்கைத் தள்ளியதும் அணைகிறது. ஆக்சிலேட்டரைப் பிடித்துக்கொண்டே இருந்தால் ஓடும், கையை விட்டால் போச்சு. இதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை, கார்பரேட்டரில் ஸ்லோ ஜெட் (குறைந்த வேகத்தில் பெட்ரோலை அளந்து விடும் பொடித்துளைப் பித்தளைத் துண்டு) அடைத்திருக்கிறது. கால்வாசி த்ராட்டில் வரை முக்கியமாக அதன் ராஜ்ஜியம், கால் முதல் முக்கால் வரை நீடில், அதற்கு மேல் மெயின் ஜெட். மெயின் ஜெட் அடைத்திருந்தால் கதை தலைகீழ்: ஐடிலிங் அழகாக நிற்கும், முழுக்க முறுக்கும்போது வண்டி செத்துப்போகும்.

கார்பரேட்டரைக் கழற்றுவதில் சிக்கல் இல்லை. டேங்கின் பெட்ரோல் காக்கை (திறந்து மூடும் வால்வை) மூடி, கார்பரேட்டரின் அடிக்கிண்ணமான கப்பில் இருக்கும் பெட்ரோலை வடித்து, மேல் மூடியைத் திருகி ஸ்லைடை (ஆக்சிலேட்டர் கேபிள் தூக்கும் உருளையை) கேபிளோடு வெளியே எடுத்து, பத்தாம் நம்பர் ஸ்பேனரால் இரண்டு போல்ட். அரை மணி நேரம்.

முதல் தொல்லை கப் ஸ்க்ரூவில். பார்க்க ஸ்டார் ஸ்க்ரூ போலிருக்கும், ஆனால் ஜப்பானிய வடிவமைப்பு கார்ப்களில் பெரும்பாலும் ஜேஐஎஸ் (ஜப்பானியத் தர அளவு) வகை. சாதாரண ஸ்டார் டெஸ்டர் (ஸ்க்ரூடிரைவர்) அதில் முழுசாக உட்காராது, அழுத்தித் திருப்பினால் மேலெழும்பி நான்கு மூலையையும் வழித்துவிடும். ஜேஐஎஸ் இரண்டாம் நம்பர் டெஸ்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் ஆயுசுக்கும் உதவும்.

கப் திறந்ததும் அடியில் அரக்கு நிறத்தில் பிசின், ஜெட் தலைகளில் பச்சைக் களிம்பு. மெயின் ஜெட் ஒரே திருப்பில் வந்தது. ஸ்லோ ஜெட் அசையவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் ஜெட் தலையில் டெஸ்டர் உட்காரும் வெட்டில், அதாவது காடியில், ஒரு பக்கம் ஏற்கெனவே மழுங்கிக் கிடக்கிறது. முன்பு சர்வீஸ் செய்த யாரோ அகலம் பொருந்தாத டெஸ்டரை வைத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, வரவில்லை என்றதும் சத்தமில்லாமல் மூடியிருக்கிறார்கள். சொல்லியிருந்தால்கூடப் புண்ணியம்.

கை வைக்கும் முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள்: குழிக்குள் காடி தெரிகிறதா? சில கார்ப்களில் ஸ்லோ ஜெட் மரை இல்லாமல் அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கும். அதைக் கழற்ற முயன்றால் கார்ப் குப்பைக்குத்தான்.

ஏன் பிடித்துக்கொள்கிறது என்று புரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஜெட் பித்தளை, உடம்பு துத்தநாக அல்லது அலுமினியக் கலவை. இப்போது வரும் இ20 பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நின்றால் மரைக்குள் ஈரம் தங்கி, இரண்டு உலோகத்துக்கும் நடுவே வெள்ளைப் பொருக்கு கட்டும். கூடவே காய்ந்த பெட்ரோலின் பிசின். பிசினை கார்ப் கிளீனர் கரைக்கும், பொருக்கைக் கரைக்காது. ஸ்ப்ரேயை மட்டும் நம்பி ஒரு முழுநாளை நான் வீணாக்கியது இப்படித்தான்.

அந்த முதல் நாளில் உருப்படியாக நடந்தது ஒன்றுதான், டெஸ்டரைத் தயார் செய்தது. கடை டெஸ்டரின் நுனி ஆப்பு போலச் சரிந்திருக்கும், காடியின் மேல் விளிம்பை மட்டும் தொட்டு நழுவும். பித்தளை மெத்து, இரண்டு நழுவலில் காடி காலி. பழைய டெஸ்டர் ஒன்றை எடுத்து, நுனியின் இரு முகமும் இணையாக வரும்வரை அரைத்தேன். குழிச் சுவரில் உரசாத அகலம், காடியில் ஆடாமல் இறுகி நிற்கும் தடிமன், இரண்டும் வேண்டும். சாணைச் சக்கரத்தில் பிடிக்கும்போது அடிக்கடி தண்ணீரில் முக்க வேண்டும். நுனி நீலம் பாரித்தால் பதம் போய்விட்டது என்று அர்த்தம், திருப்பும்போது வளையும். இரவு ஜெட்டைச் சுற்றி டபிள்யூடி-40 விட்டு ஊறவைத்தேன். காலையிலும் அசையவில்லை.

இரண்டாம் நாள் சூடு. பக்கத்துப் பட்டறையில் "கேஸ் அடுப்பில் காட்டு, இல்லாட்டி டிரில் போட்டுடலாம்" என்றார்கள். இரண்டும் வேண்டாம். பெட்ரோல் வாசம் போகாத பொருளை நெருப்பில் காட்டுவது பைத்தியக்காரத்தனம், தவிர துத்தநாகக் கலவை சுமார் 380 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். ஃப்ளோட் (மிதவை), ஓ-ரிங், ஏர் ஸ்க்ரூ (ஐடிலிங் கலவையைச் சரிசெய்யும் திருகு), பிளாஸ்டிக் எதுவும் இல்லாமல் வெறும் உடம்பாக்கி, பெட்ரோல் முழுக்கக் காய்ந்தபின் கொதிக்கும் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டால் போதும். அதே சூட்டில் கார்ப் உடம்பு பித்தளையைவிடச் சற்று அதிகமாக விரியும். கிடைக்கும் இடைவெளி சில மைக்ரான்தான். பொருக்கின் பிடியை உடைக்க அது போதும்.

வெளியே எடுத்ததும் வைஸில் இரு பக்கமும் மரக்கட்டை வைத்து லேசாகப் பிடித்து, டெஸ்டரை நேர்செங்குத்தாக நிறுத்தி, சின்னச் சுத்தியலால் இரண்டு தட்டு. ஓங்கி அடித்தால் ஜெட்டின் தலை விரிந்து இன்னும் இறுகும். பிறகு முதலில் இறுக்கும் திசையில் மயிரிழை அளவு, அதன்பின்தான் கழற்றும் திசை. அசையாவிட்டால் எண்ணெய் ஒரு சொட்டு, மறுபடி கொதிநீர். மூன்றாவது சுற்றில் 'டக்' என்றது. அந்தச் சத்தத்துக்கு ஒரு பிரியாணியே வாங்கித் தரலாம்.

காடி முழுக்கப் போயிருந்தால்? பொருத்தமான டார்க்ஸ் பிட்டை (ஆறுமுனை நட்சத்திர நுனி) தட்டி இறக்கித் திருப்பிப் பார்க்கலாம். அதுவும் தோற்றால் இடது சுற்று டிரில் பிட். துளைக்கும்போதே கழற்றும் திசையில் இழுக்கும். ஈஸி-அவுட்டை (மாட்டிக்கொண்ட ஸ்க்ரூவை எடுக்கும் கூம்பு வடிவக் கருவி) கடைசியில்கூடத் தொடத் தயங்குங்கள். ஆப்பு போல உள்ளே போய் மெத்துப் பித்தளையை விரித்து, சுவரோடு இறுக்கிவிடும். உடைந்தால் அதை எடுப்பது பெரும்பாடு.

ஜெட் துளையில் ஊக்கு, ஊசி, இரும்புக் கம்பி எதுவும் விடாதீர்கள். கெய்ஹின் (கார்பரேட்டர் தயாரிக்கும் கம்பெனி) ஜெட்டில் 38 என்று இருந்தால் துளை 0.38 மி.மீ.; கொஞ்சம் கீறினாலும் கலவை கெடும். பல இழை மின் ஒயரைச் சீவினால் 0.2 மி.மீ. செம்பு இழை கிடைக்கும், அதுதான் சரியான கருவி. வெளிச்சத்தில் பிடித்தால் துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். பக்கவாட்டுத் துளைகளையும் மறக்கக் கூடாது.

ஜெட்டை மட்டும் சுத்தம் செய்து மூடினால் அதே கோளாறு திரும்பும், பாதையும் அடைத்திருக்கும். மேலே சொன்னபடி ஏர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன், லேசாக முட்டும்வரை உள்ளே திருகி எத்தனை சுற்று என்று குறித்துவைக்க வேண்டும் (இதில் ஒன்றேமுக்கால்). ஸ்ப்ரிங், வாஷர், கடுகளவு ஓ-ரிங் மூன்றும் வெளியே வந்தனவா என்று எண்ணுங்கள். ஓ-ரிங் துளைக்குள்ளேயே தங்கிவிடும், கிளீனர் பட்டால் உப்பிவிடும். ஜெட் குழியில் ஸ்ப்ரே அடித்தால் இன்ஜின் பக்கம் ஸ்லைடுக்கு அடியிலுள்ள பொடித்துளைகளில் பீய்ச்ச வேண்டும். அது பல நேரம் நம் கண்ணை நோக்கித்தான் வரும், கண்ணாடி இல்லாமல் அடிக்காதீர்கள். கடைசியாக பஞ்சர் கடை கம்ப்ரஸர் காற்று, ஈரம் துளியும் இல்லாதவரை.

ரிப்பேர் கிட் வாங்கப் போனது வீண் அலைச்சல். கவரில் வண்டி பெயர் சரி, உள்ளே ஓ-ரிங் பெரிசு, ஜெட் நம்பர் வேறு. பழையதைக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். துளை நன்றாக இருக்கும் கம்பெனி ஜெட்டைத் தூக்கிப் போடவும் வேண்டாம்.

மாட்டும்போது மரையில் ஒரு சொட்டு இன்ஜின் ஆயில், விரல் பலம் மட்டும். ஸ்லைடின் நீளக் காடி உள்ளே இருக்கும் பின்னில் உட்கார வேண்டும், வெட்டுப்பக்கம் ஏர் ஃபில்டரைப் பார்க்க வேண்டும். மாற்றிப் போட்டால் ஸ்டார்ட் ஆனதும் இன்ஜின் அலறும்.

பெட்ரோல் காக்கைத் திறந்ததும் ஓவர்ஃப்ளோ குழாயில் பெட்ரோல் ஒழுகியது. தப்பு என்னுடையது: ஃப்ளோட் நாக்கில் அதன் வால்வு நீடிலின் கொக்கியை மாட்டாமல் விட்டிருந்தேன். மறுபடி கழற்றல். அந்த நேரத்தில் டேங்கையும் வடித்துப் பார்த்தால் அடியில் துருப்பொடி, காக் சல்லடையில் ஓட்டை. அதை மாற்றாமல் ஓட்டியிருந்தால் ஜெட் மறுபடி அடைத்திருக்கும்.

இன்ஜின் சூடானபின் ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி, சத்தம் அதிகம் ஏறும் இடத்தில் நிறுத்தி, ஐடில் ஸ்க்ரூவால் வேகத்தைக் குறைத்தேன். ஏர் ஸ்க்ரூ இரண்டு சுற்றில் அமைந்தது. மறுநாள் காலை சோக்கோடு ஒரே உதை, அரை நிமிடத்தில் சோக்கைத் தள்ளினேன், அணையவில்லை.