விஆர் கையுறை புராஜெக்ட் எடுக்கப் போகிறீர்களா? மோதிரம் போட்ட கையை மறக்காதீர்கள்

போன வாரம் ரிசல்ட் வந்தது. புராஜெக்டுக்கு ஏ பிளஸ். நான் எதிர்பார்த்தது அதற்கும் மேலே உள்ள ஓ கிரேடு. வருகைப் பதிவு ஆப் செய்த பக்கத்து பேட்ச்சுக்கு ஓ கிடைத்திருக்கிறது. சரி, விடுங்கள். வயிற்றெரிச்சலில் எழுதவில்லை என்று சொன்னால் பொய்தான். ஆனாலும் அடுத்த வருடம் கடலூர், புதுச்சேரி பக்கம் யாராவது இதே தலைப்பை எடுத்தால், நான் விட்ட மார்க் அவர்களுக்காவது கிடைக்கட்டும். ரிவ்யூ எப்படி நடக்கும், எத்தனை காப்பி பைண்டிங் என்பதையெல்லாம் சீனியர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

விஆர் என்றால் கண்ணில் ஹெட்செட் மாட்டிப் பார்க்கும் மெய்நிகர் உலகம். அதற்குள் நம் விரல் அசைவைக் கொண்டுபோவதற்கு நான் செய்தது வலது கையுறை ஒன்று. புதுச்சேரி சண்டே மார்க்கெட்டில், காந்தி வீதி நடைபாதையில் வாங்கிய பைக் கையுறை. விரலுக்கு ஒன்றாக 5 ஃபிளெக்ஸ் சென்சார், மணிக்கட்டில் கையின் சாய்வையும் திருப்பத்தையும் அளக்கும் எம்பியு6050 சிப், எல்லாவற்றையும் படிக்க ஈஎஸ்பி32 என்ற வைஃபை உள்ள குட்டி கன்ட்ரோலர் போர்டு. விரல் மடங்கினால் சென்சாரின் ரெசிஸ்டன்ஸ் ஏறும். அந்த அளவை வைஃபையில் யூனிட்டி என்ற 3டி மென்பொருளுக்கு அனுப்பினால், ஹெட்செட்டுக்குள் தெரியும் கையும் மடங்கும். அவ்வளவுதான் விஷயம் என்று நினைத்தேன்.

ஜனவரி முழுக்க கட்டைவிரலும் சுண்டுவிரலும் செத்துக் கிடந்தன. சென்சார் போய்விட்டது என்று புதிதாக இரண்டு வாங்கினேன், காசு போனதுதான் மிச்சம். ஈஎஸ்பி32-இல் அனலாக் அளவைப் படிக்கும் பின்கள் ஏடிசி1, ஏடிசி2 என்று இரண்டு கூட்டம்; வைஃபை ஓடும்போது ஏடிசி2 பின்களில் அனலாக் படிக்க முடியாது. இதைப் படித்துத் தெரிந்துகொள்ள எனக்கு மூன்று வாரம் ஆனது. ஏடிசி1-ஐச் சேர்ந்த 32, 33, 34, 35, 36, 39 ஆகிய ஆறு பின்களில் ஐந்தை எடுத்துக்கொள்ளுங்கள், இந்தத் தலைவலி வராது.

ஆனால் என் மார்க்கைத் தின்றது அது இல்லை.

இரண்டாம் ரிவ்யூவில் டெமோவை நானே காட்டிக்கொண்டிருந்தேன். ஹெட்செட்டுக்குள் தெரியும் பந்தைப் பிடித்தேன், விட்டேன், எல்லாம் நன்றாகவே போனது. திடீரென்று கைடு, "குடும்மா, நான் போட்டுப் பார்க்கிறேன்" என்றார். என் கை சின்னது. 2.2 இன்ச் சென்சார் என் விரலில் இரண்டு மூட்டுகளையும் தாண்டி நிற்கும். அவர் கையில் கையுறை இழுபட்டு, சென்சாரின் முனை நடு மூட்டுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. அவர் முஷ்டியை இறுக்கி மடக்குகிறார், ஹெட்செட்டுக்குள் இருந்த கையோ டீ கிளாஸைப் பிடித்தது போலப் பாதியிலேயே நிற்கிறது. பந்து கையில் சிக்கவே இல்லை. "எனக்கு வேலை செஞ்சுது சார்" என்றேன். "நீதான் மார்க் போடப் போறியா?" என்றார். கல்லூரியிலேயே போடும் இன்டர்னல் மார்க்கில் அங்கே போனது போனதுதான்.

ஆகவே முதலும் கடைசியுமாக ஒன்று: காலிபரேஷன், அதாவது போடுபவரின் கைக்கு ஏற்ப அளவைச் சரிசெய்வது. அழகான ஹெட்செட் சீன், 3டி பிரிண்ட் பெட்டி எல்லாம் அதற்கு அப்புறம்தான். நான் கடைசியில் வைத்தது இதுதான்:

- கையுறை மாட்டியதும் திரையில் "கையை விரியுங்கள்", 3 வினாடி. அடுத்து "மடக்குங்கள்", 3 வினாடி. இப்படி இரண்டு முறை.
- ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியாகக் குறைந்தபட்சம், அதிகபட்சம் எடுத்து, நடுவில் வருவதை 0 முதல் 100 வரை மாற்றுவது.
- அந்த எண் 70-ஐத் தாண்டினால் பந்தைப் பிடிப்பது, 50-க்குக் கீழே இறங்கினால் விடுவது. இரண்டுக்கும் ஒரே எண் வைத்தால் பந்து கையில் நடுங்கும்.
- கடைசி 8 அளவுகளின் சராசரி. அதற்கு மேல் போனால் கை தாமதமாக நகர்வது கண்ணுக்கே தெரியும்.
- ஹாஸ்டலில் பெரிய கை, குண்டு விரல், நீள நகம் என்று குறைந்தது பத்துப் பேருக்குப் போட்டுப் பார்ப்பது. வெட்கப்படாதீர்கள். நான் வெட்கப்பட்டேன்.

  

அடுத்தது, எல்லா எக்ஸ்டர்னலும் (வெளியிலிருந்து வரும் தேர்வாளர்) கேட்கக்கூடிய கேள்வி. "கேமராவே கையைப் பார்க்குதே, அப்புறம் கையுறை எதுக்கு?" நியாயமான கேள்விதான். குவெஸ்ட் என்ற விஆர் ஹெட்செட்டில் 2019 டிசம்பரிலேயே வெறுங்கை டிராக்கிங் வந்துவிட்டது. கையுறை அதைவிடத் துல்லியம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், மாட்டிக்கொள்வீர்கள். கேமராவுக்குக் கை தெரிய வேண்டும். ஒரு கை இன்னொன்றை மறைத்தாலோ, கை முதுகுக்குப் பின்னால் போனாலோ, அறை இருட்டாக இருந்தாலோ அது தடுமாறும். கையுறைக்கு அந்தக் கவலை இல்லை. தொட்டால் அதிரும் சின்ன மோட்டாரையும் கையுறையில் வைக்கலாம், கேமராவால் அது முடியாது. இந்த இரண்டும் போதும்.

வரலாறு கேட்டால் மூன்று பெயர் போதும். 1977-இல் சேயர் கையுறை: வளையும் குழாய்க்குள் போகும் ஒளியை வைத்து விரல் மடக்கத்தை அளந்தது. 1987-இல் விபிஎல் நிறுவனத்தின் டேட்டா கிளவ். 1989-இல் நின்டென்டோ விளையாட்டுக்காக மேட்டெல் விற்ற பவர் கிளவ். அதில் சுண்டுவிரலுக்கு சென்சாரே கிடையாது, மற்ற விரல்களுக்கும் தலா நான்கு நிலைகள்தான். இதைச் சொன்னபோது எக்ஸ்டர்னல் சிரித்தார். நமக்கு நல்ல சகுனம்.

யா டிரிஃப்ட் பற்றியும் கேட்பார்கள், அதாவது நம் கை அசையாமலேயே திரையில் கை மெல்ல இடவலமாகத் திரும்பிப் போவது. எம்பியு6050-இல் திசை காட்டும் காந்தமானி இல்லை. புவியீர்ப்பை வைத்து சாய்வைச் சரிசெய்யலாம், ஆனால் இடவலமாகத் திரும்புவதைச் சரிசெய்ய ஆதாரம் இல்லை. ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.

எனக்குப் பெருமையான பகுதி ஒன்று உண்டு. கையுறையில் எழுத்து எப்படி உள்ளிடுவது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, அரியாங்குப்பத்தில் ஆயா மீன் கூறுகளை எண்ணிக்கொண்டிருந்தார். கட்டைவிரல் நுனியால் சுண்டுவிரலின் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, அடுத்த விரலுக்குப் போகிறார். நான்கு விரல், விரலுக்கு மூன்று கணு, மொத்தம் 12. உயிரெழுத்தும் 12! கணுவுக்கு ஒரு செப்பு டேப் ஒட்டி, எல்லா ஒயரையும் எம்சிபி23017 என்ற, கூடுதல் பின்கள் தரும் சிப்புக்குக் கொண்டுபோய், கட்டைவிரல் நுனியில் கிரவுண்ட் கொடுத்தேன். பார்க்காமலேயே தொடலாம். கையை அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை, மடியில் வைத்துக்கொண்டே எழுதலாம். மெய்க்கு இன்னொரு கையுறை: இரண்டு விரலின் 6 கணுக்கள், உள்ளங்கை கீழே பார்த்தால் வல்லினம், பக்கவாட்டில் மெல்லினம், மேலே இடையினம். இடதில் க், வலதில் ஓ தொட்டால் கோ. இந்த இரண்டாம் கை ஸ்லைடில் மட்டும்தான் இருந்தது, வேலை செய்தது உயிரெழுத்து 12 மட்டுமே. உப்புக் காற்றில் செப்பு டேப் கருத்துவிடும், டெமோவுக்கு முன் பென்சில் ரப்பரால் தேய்த்துவிடுங்கள்.

வைவா (வாய்மொழித் தேர்வு) அன்று மேலே ஃபேன் சுற்றியும் எல்லோருக்கும் வியர்வை. உள்ளே போட மெல்லிய காட்டன் கையுறை வைத்திருந்தேன், நீங்களும் வையுங்கள். எக்ஸ்டர்னல் கையை நீட்டினார். மோதிர விரலில் பெரிய கல் மோதிரம். கழற்றச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கையுறை ஏறியதும் கல் சென்சாரைக் கீழிருந்து தூக்கியது. கை விரிந்திருக்கிறது, திரையில் மோதிர விரல் மட்டும் பாதி மடங்கி நிற்கிறது. எனக்கு உள்ளங்கால் வரை ஜில்லென்றது. "சார், ஒரு தடவை விரிச்சு, மடக்குங்க." விரித்தார், மடக்கினார். இரண்டாவது முறை முடிந்ததும் விரல் நேரானது. பந்தைப் பிடித்தார். விட்டார். மறுபடி பிடித்தார். அப்புறம் கணுக்களைத் தொட்டு அ, ஆ, இ என்று ஔ வரை போய், "எங்க வீட்லயும் இப்படித்தான் எண்ணுவாங்க" என்றார்.

மறுபடி செய்தால் ஃபிளெக்ஸ் சென்சார் வாங்க மாட்டேன். அடிப்பாகத்தில் மடிந்தால் போச்சு, சால்டரிங் சூடு பட்டால் பிளாஸ்டிக் உருகும். லூசிட்குளவ்ஸ் என்ற திறந்த வடிவமைப்பில் ஐடி கார்டு இழுக்கும் யோயோவையும், திருகினால் ரெசிஸ்டன்ஸ் மாறும் பொட்டென்ஷியோமீட்டரையும் வைத்தே விரல் மடக்கத்தை அளக்கிறார்கள். நூல் விரல் நுனியில் கட்டியிருப்பதால் சென்சாரின் நீளம் பற்றிய பிரச்சினை பெரிதாக வராது. நம் கழுத்தில் நான்கு வருடம் தொங்கியது, எனக்குத் தோன்றவே இல்லை.

கையுறையை ஜூனியர்களுக்காக லேப்பில் விட்டுப் போகச் சொன்னார்கள். விட்டிருக்கிறேன். சென்சார் ஐந்தும் என் காசு, கழற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.