வயது முதலில் தொடையில் தெரிந்தது

நரை நாற்பதிலேயே வந்துவிட்டது, அதற்குச் சாயம் இருந்தது. வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டேன். இரண்டையும் முதுமைக் கணக்கில் நான் சேர்த்ததே இல்லை. அறுபதைத் தாண்டிய பிறகு வந்த அடையாளம் வேறு. மீன் நறுக்கத் தரையில் அரிவாள்மனை போட்டு உட்கார்ந்தால், எழும்போது கை தானாகக் கதவுநிலையைத் தேடும். தக்கலையில் பஸ் ஏறும்போது கால் படியில் இருக்கும். ஆனால் உடம்பை மேலே இழுப்பது கம்பியைப் பிடித்த கைதான். பின்னால் நிற்பவர் "அம்மா, சீக்கிரம்" என்பார்.

வலி கொஞ்சமும் இல்லை. வலித்திருந்தால் முன்னமே யாரிடமாவது போயிருப்பேன். நான் தினமும் காலையில் நடப்பவள் வேறு. நடக்கிறவளுக்குக் காலில் என்ன குறை என்றுதான் வீட்டில் எல்லோரும் கேட்டார்கள்.

ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். முட்டுத் தேய்மானம் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். நம் ஊரில் இதற்கெல்லாம் வர்ம வைத்தியம் பார்க்கும் ஆசானிடம் போகாமல் தீராது என்பதால், ஆசானிடம் போய் எண்ணெய் தடவிக்கொண்டேன். சுகமாக இருந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தரையிலிருந்து எழுவது அப்படியேதான் இருந்தது. பிறகு பார்த்த ஒரு டாக்டர் என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல், "வயதானால் அப்படித்தான்" என்று கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அந்த வாக்கியத்தைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வயதானால் அப்படித்தான் என்றால், எப்படித்தான் என்று சொல்ல வேண்டாமா?

அடுத்துப் பார்த்த டாக்டர் எக்ஸ்ரே கேட்கவில்லை. கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார வைத்து, கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு 30 விநாடிக்குள் எத்தனை தடவை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணச் சொன்னார். 60 முதல் 64 வயதுள்ள பெண்ணுக்கு அது 12-க்குக் குறைந்தால் சராசரிக்குக் கீழ், ஆணுக்கு 14. நான் 12-ஐ எட்டவில்லை. அடுத்து, தையல்காரர் வைத்திருப்பது போன்ற டேப்பால் கெண்டைக்காலின் பருத்த இடத்தைச் சுற்றி அளந்தார். ஆசியர்களுக்கென்று 2019-இல் வெளியான அளவுகோலின்படி பெண்களுக்கு 33 சென்டிமீட்டருக்கும் ஆண்களுக்கு 34-க்கும் குறைந்தால் கவனிக்க வேண்டுமாம். கையில் ஒரு கருவியைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். பெண்களுக்கு 18 கிலோவுக்குக் கீழே போனால் பிடி தளர்ந்துவிட்டது என்று பொருள். ரத்தத்தில் சர்க்கரை, தைராய்டு, வைட்டமின் டி, பி12, கிரியேட்டினின் எல்லாம் பார்க்கச் சொன்னார். கிரியேட்டினின் எதற்கு என்று கேட்டேன். "புரதத்தைக் கூட்டச் சொல்லப் போகிறேன், அதற்கு முன்னால் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டாமா?" என்றார். இந்தப் பதிலிலேயே அவர்மேல் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

நோயின் பெயர் சார்கோபீனியா, அதாவது தசை கரைவது. முப்பதுகளிலேயே மெல்லத் தொடங்கி, அறுபதுக்குப் பிறகு வேகம் பிடிக்கும். தசையில் மெதுவாக வேலை செய்யும் நார்களும் உண்டு, வேகமாகச் செய்யும் நார்களும் உண்டு. வயதில் அதிகம் மெலிவது இரண்டாவது வகை. சட்டென்று எழுவதற்கும், தடுக்கினால் காலை முன்னே வைத்துச் சமாளிப்பதற்கும் அந்த நார்கள்தான் வேண்டும். சமதரையில் நடக்கும்போது அவற்றுக்குப் பெரிய வேலை இல்லை. நடை இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது, அதை நிறுத்தாதீர்கள், ஆனால் அதையே நம்பியிருந்தால் தொடை தேறாது என்றார்.

இயன்முறை மருத்துவர் சின்னப் பெண். தொடக்கத்தில் கொடுத்தது மூன்றே பயிற்சிகள்: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சமையல் மேடையைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்துவது, பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நிற்பது. கடைசி இரண்டு தடவை சிரமமாக இருந்தால்தான் கணக்கு என்பது அவர் வைத்த விதி. சிரமம் போய்விட்டால் கையில் தண்ணீர் பாட்டில், பிறகு உரித்த தேங்காய் இரண்டு போட்ட பை. "மக்களே, இது எனக்கு ஆகுமா?" என்று கேட்டதற்கு, "அம்மா, தொண்ணூறு வயதிலும் தசை வளரும்" என்றார். முதல் சில வாரங்களில் கூடும் பலம் பெரும்பாலும் நரம்பு தசையை எழுப்பக் கற்றுக்கொள்வதால் வருவது, சதை பிறகுதான் பிடிக்கும் என்றும் முன்கூட்டியே சொல்லி வைத்தார். அதனால் கண்ணாடியில் ஒன்றும் தெரியாதபோதும் மனம் சோரவில்லை.

சாப்பாட்டில்தான் பெரிய சண்டை. மரச்சீனி என்னும் மரவள்ளிக் கிழங்கும் மீன்குழம்பும் என்றால் எங்கள் வீட்டில் தட்டு நிறையக் கிழங்கு, ஓரத்தில் ஒரு துண்டு மீன். 100 கிராம் கிழங்கில் புரதம் ஒரு கிராமைச் சுற்றித்தான். அதே எடைச் சாளை மீனில் ஏறக்குறைய 20 கிராம். என் எடைக்கு ஒரு நாளைக்கு 60 கிராம் வேண்டும், அதையும் மூன்று வேளைக்கும் பிரித்துச் சாப்பிட வேண்டும் என்றார்கள். இரவில் கஞ்சியும் துவையலும் என்ற வழக்கத்தை விட மனமில்லாமல், கஞ்சியில் சிறுபயறைக் கூட்டி, ஒரு முட்டையும் சேர்த்துக்கொண்டேன். புட்டு, பயறு, பப்படத்தில் பயறு ஒரு கரண்டியிலிருந்து கிண்ணமாயிற்று. மீன்பிடித் தடைக்காலம் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கிழக்குக் கடலுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக்கு ஜூன், ஜூலை. விசைப்படகுகள் கரையில் கிடக்கும் அந்த மாதங்களில் மீன் விலையைக் கேட்டாலே மயக்கம் வரும். அப்போது முட்டையும் பயறும் மோரும்தான் கைகொடுத்தன.

இப்போது கதவுநிலையைப் பிடிக்காமல் எழுகிறேன். கையின் பிடி மட்டும் இன்னும் தேறவில்லை. ஊறுகாய் பாட்டில் மூடியை மகன்தான் திறந்து தருகிறான்.

"இந்த வயதில் குஸ்திக்கா போகப் போகிறாய்?" என்று தொடக்கத்தில் கேலி செய்தவர் மைனி, அதாவது என் மதினி. காலையில் படுக்கையிலிருந்து எழுந்தால் தனக்குக் கண் இருட்டுகிறது என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார். அதே டாக்டரிடம் கூட்டிப் போனேன். படுக்க வைத்து ரத்த அழுத்தம் பார்த்தார், எழுந்து நிற்க வைத்து மூன்று நிமிடத்துக்குள் மறுபடி பார்த்தார். மேல் எண் 20 குறைந்தாலே கவனிக்க வேண்டுமாம். மைனிக்கு அதைவிட அதிகம் குறைந்தது. முதியவர்கள் விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். அவர் சாப்பிட்டுவந்த ஒரு மாத்திரையின் அளவை டாக்டர் குறைத்தார். கட்டில் ஓரத்தில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு எழ வேண்டும், தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடிக்க வேண்டும் என்றார். வயதில் தாக உணர்வும் மங்கிவிடுமாம். அழுத்தம் ஒரு நிலைக்கு வந்த பிறகே பயிற்சிக்கு அனுமதி கிடைத்தது.

மைனி இப்போது சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்துதான் எழுந்து உட்காருகிறார். என்னைவிட எண்ணிக்கை குறைவாக வருவதற்கு எங்கள் நாற்காலி தாழ்வாக இருப்பதுதான் காரணம் என்று வாதாடுகிறார். பரிசோதனை நாற்காலியின் உயரம் 17 அங்குலம். எங்களுடையதை அளந்து பார்த்தேன். 16 தான் இருக்கிறது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை.