சீசிங் கார்: வாட்ஸ்அப் விலையும் வாசலுக்கு வரும் விலையும்

"பேங்க் சீசிங் வண்டி, 2019 மாடல், ஒரே ஓனர், 85,000 மட்டும். 5,000 ஜிபே பண்ணி புக் பண்ணிக்குங்க." சீசிங் வண்டி என்றால் கடன் தவணை கட்டாததால் வங்கியோ பைனான்ஸ்காரரோ பறிமுதல் செய்து ஏலத்தில் விற்பது. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்த மாதிரி விளம்பரத்தில் கார் படம் பளபளவென்று இருக்கும், நம்பர் பிளேட் மட்டும் மறைந்திருக்கும். முதலில் கேட்க வேண்டியது அந்த நம்பரைத்தான். எம்பரிவாகன் என்ற அரசுச் செயலியில் போட்டால் வண்டிமேல் எந்த வங்கியின் அல்லது பைனான்ஸின் கடன் இருக்கிறது, இன்சூரன்ஸ், எஃப்சி (தகுதிச் சான்று) எதுவரை என்பதெல்லாம் தெரியும். விற்பதாகச் சொல்லும் வங்கியும் அதில் காட்டும் பைனான்ஸ் பெயரும் ஒத்துப்போகவில்லை என்றால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம். நம்பர் தர மறுத்தாலும் அதே கதைதான். நிஜ ஏலத்தில் முன்பணம் வங்கியின் கணக்குக்கோ ஏல நிறுவனத்தின் கணக்குக்கோ போகும், ரசீது வரும். தனி ஆளின் ஜிபே எண்ணுக்குப் போகாது. தெரியாமல் அனுப்பிவிட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குக் கூப்பிடுங்கள். மணிக்கணக்கில் தாமதித்தால் பணம் நாலு கணக்கு மாறிவிடும்.

இன்னொரு வலை, "மீதி டியூவைக் கட்டிக்கிட்டு ஓட்டிக்கங்க, ஆர்சி அப்புறம் மாத்திக்கலாம்" என்பது. அது ஏலமே இல்லை. கடன் பழைய ஓனர் பெயரில், வண்டி உங்கள் கையில். அவருடைய வேறொரு கடனுக்காகக்கூட பைனான்ஸ்காரர் என்ஓசியை (தடையில்லாச் சான்றை) நிறுத்தி வைக்கலாம். நீங்கள் கட்டிய டியூவுக்குக் கையில் ஒரு தாளும் இருக்காது.

நிஜ ஏலத்துக்கு வருவோம். "உள்ளது உள்ளபடி" என்ற நிபந்தனையில்தான் விற்பார்கள். ஓட்டிப் பார்க்க விடமாட்டார்கள். பெரும்பாலும் பேட்டரி செத்திருக்கும், ஜம்பர் போட்டு ஸ்டார்ட் செய்து காட்டினாலே பெரிது. அதிகத் தொகை கேட்டவருக்கே வண்டி என்பதும் உறுதியில்லை. வங்கி அப்ரூவல் தந்த பிறகுதான் முடிவு. அப்ரூவல் வந்தபின் கெடுவுக்குள் பணம் கட்டாவிட்டால் முன்பணம் போய்விடும். பறிமுதல் வண்டிகளை நிறுத்தி வைக்கும் யார்டின் வாடகை எந்தத் தேதி வரை யார் தலையில் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

பலர் சறுக்குவது ஜிஎஸ்டியில். 2025 ஜனவரியிலிருந்து, ஜிஎஸ்டி பதிவுள்ளவர் விற்கும் பழைய கார் எதுவானாலும் லாபத் தொகைமேல் 18 சதவீதம். சீசிங் வண்டிக்கு இந்த லாபத்தைக் கணக்கிடும் விதமே வேறு. கடன் வாங்கியவர் ஜிஎஸ்டி பதிவில்லாதவராக இருந்தால், அவர் வாங்கிய விலையில் ஒவ்வொரு காலாண்டுக்கும் 5 சதவீதம் கழித்து வருவதை அடக்கவிலையாக வைப்பார்கள். 8 லட்சத்துக்கு வாங்கிய கார், சரியாக நாலு வருடம், 16 காலாண்டு: 80 சதவீதம் கழிந்து 1,60,000 மிச்சம். ஏலம் 3,20,000 என்றால் வித்தியாசம் 1,60,000, வரி 28,800. அதே கார் ஐந்து வருடம் தாண்டினால் அடக்கவிலை பூஜ்யம். 3,20,000க்கு முழுசாக வரி, 57,600. பழைய வண்டிக்கு வரி கூடும் விசித்திரம் இது. கேட்கும் தொகைக்குள் வரி அடக்கமா, மேலேயா என்று தெரியாமல் கை தூக்காதீர்கள். ஏல நிறுவனக் கமிஷனும் அதன்மேல் ஜிஎஸ்டியும் தனி.

வண்டியைப் பார்ப்பது எப்படி? காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் வாங்கத் தெரிந்தவர் பெட்டியின் முகப்பை மெச்சிக்கொண்டு நிற்கமாட்டார், கவிழ்த்து அடியைப் பார்ப்பார். இதுவும் அப்படித்தான். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறை தெரிந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டி. சென்னையிலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ வந்த வண்டியென்றால் இதைக் கட்டாயம் செய்யுங்கள். சீட் தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி குழியில் வண்டல், கம்பளத்தடியில் ஈரவாடை இருக்கிறதா பாருங்கள். செம்மண் தூசி நம்ம ஊர் வண்டியில் சகஜம், தட்டினால் போகும். சாம்பல் நிற வண்டல் மூலைமுடுக்கில் அப்பிக்கொண்டிருக்கும்.

ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். பால் கலந்த காபி நிறமென்றால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். மீட்டர் 30,000 காட்டி டயர் நாலும் மாற்றியிருந்தால் மீட்டரைச் சந்தேகப்படுங்கள். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் எலி ஒயரைக் கடித்திருக்கும், பானெட்டடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். சேஸிஸ் எண்ணை ஆர்சியோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.

எஞ்சினைவிடக் கஷ்டம் கொடுப்பது காகிதம். பழைய ஓனர் கையெழுத்துப் போட வரமாட்டார். அதனால் மோட்டார் வாகனச் சட்டம் 51ஆம் பிரிவின்படி பைனான்ஸ்காரர் படிவம் 36 கொடுத்துத் தன் பெயரில் புது ஆர்சி வாங்கி, அங்கிருந்து படிவம் 29, 30 வழியாக உங்களுக்கு மாற்றலாம். ஆர்சியில் உள்ள கடன் பதிவை நீக்கப் படிவம் 35. இவற்றோடு வண்டியைப் பறிமுதல் செய்ததைப் போலீசுக்குத் தெரிவித்த கடித நகல், விற்பனைக் கடிதம் எல்லாம் சேர்ந்த கட்டு கைக்கு வருமா, எத்தனை நாளில் என்று ஏலத்துக்கு முன்பே கேளுங்கள். நிலுவை இ-சலான், பிளாக்லிஸ்ட் இருந்தால் பெயர் மாற்றம் நின்றுவிடும். பிஒய் (பாண்டிச்சேரிப் பதிவு) நம்பர் வண்டி மலிவாகக் கிடைக்கும், ஆனால் பாண்டிச்சேரி என்ஓசி வாங்கி, இங்கே ஆயுள்வரி கட்டினால் அந்த மலிவு கரைந்துவிடும்.

மதுரை அல்லது திருச்சி யார்டிலிருந்து காரைக்குடிக்கு சுமார் 90 கிலோமீட்டர். இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டி வராதீர்கள். மூன்றாம் நபர் பாலிசியாவது எடுங்கள், இல்லையேல் ரெக்கவரி வண்டியில் ஏற்றுங்கள். பழைய பாலிசி உயிரோடு இருந்தாலும் 14 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். நோ க்ளெய்ம் போனஸ் பழைய ஓனருடையது, உங்களுக்கு வராது.

ஊர் வந்ததும் பிரேக் ஆயிலும் எஞ்சின் ஆயிலும் மாற்றுங்கள். யார்டில் பெரும்பாலும் ஒரு சாவிதான் தருவார்கள். இரண்டாவது சாவி யாரிடம் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஷோரூமில் கொடுத்துப் பழைய சாவியின் பதிவை அழித்து, புதுச் சாவி பதிந்த பிறகு வண்டியைத் தெருவில் விடுங்கள்.