அரத்தின் வெட்டாத பக்கம்: ஃபிரெட் செய்முறைப் பரீட்சையில் இரண்டாம் தடவை சித்தியடைந்த கதை

பெறுபேறு வந்து நான்கு நாட்கள்தான் ஆகின்றன. கிற்றார், மண்டலின் திருத்தும் பயிற்சியின் ஃபிரெட் செய்முறைப் பரீட்சையில் சித்தியடைந்துவிட்டேன், இரண்டாம் தடவையில். ஃபிரெட் என்பது வாத்தியக் கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி; அது பதிந்திருக்கும் மரம்தான் விரல்பலகை. முதல் தடவை என்னைக் கவிழ்த்தவை விரல்பலகையில் ஏழாம் ஃபிரெட்டை ஒட்டிக் கிடந்த மூன்று கீறல்கள். ஒவ்வொன்றும் ஓர் அரிசி நீளம்கூட இருக்காது. பரீட்சகர் கண்ணாடியைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. கட்டைவிரல் நகத்தைப் பலகைமேல் ஒரு தடவை இழுத்தார். நகம் மூன்று இடங்களில் தட்டியது. தாளில் ஏதோ எழுதிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். ஆறு மாதப் பயிற்சியும், ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகக் கண்டிக்குப் போய்வந்த பஸ் காசும் அந்த நகத்தோடு போயின.

பரீட்சையின் ஒழுங்கு உங்களுக்குத் தெரியும். கழுத்தை நேராக்குவது, தளர்ந்த ஃபிரெட்டை இறுக்குவது, எல்லா ஃபிரெட்டையும் ஒரே உயரத்துக்குத் தேய்த்து மட்டம் பிடிப்பது பற்றியெல்லாம் பயிற்சியிலேயே போதும் போதும் என்கிற அளவுக்குச் சொல்லித் தருகிறார்கள். நான் அரத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நான் தோற்றதும் அதில்தான், தேறியதும் அதில்தான்.

அரம் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் பல்லைத்தான் பார்க்கிறார்கள். முரட்டுப் பல்லா, நைசா, ஒற்றை வெட்டா, இரட்டை வெட்டா என்று. நானும் அப்படித்தான் ஹார்ட்வெயார் கடையில் அரை நாள் நின்று, நல்ல நைசான ஆறு அங்குல முப்பட்டை அரம் ஒன்றை வாங்கினேன். பல்லில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதன் மூன்று விளிம்புகளிலும் பல் இருந்தது. மட்டம் பிடித்ததில் தட்டையாகிப்போன ஃபிரெட்டின் இரு ஓரத்தையும், அதாவது தோளை, மறுபடி வளைவாக்க அரத்தைச் சாய்க்கும்போது அதன் கீழ் விளிம்பு மரத்தின்மேல் ஊர்கிறது. மேற்பட்டை உலோகத்தை வெட்ட, கீழ் விளிம்பு ரோஸ்வுட் விரல்பலகையை வெட்டுகிறது. "மரத்தின்மேல் டேப் ஒட்டியிருந்தேனே" என்று பரீட்சகரிடம் சொல்ல நினைத்தேன். டேப் நான்காவது இழுப்பில் கிழிந்திருந்ததை நான் கவனிக்கவில்லை என்பதுதான் உண்மை.

அன்று இரவு தோட்டத்து லய வீட்டுக்கு வந்து அரத்தை மேசையில் எறிந்தேன். அப்பா தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், இயந்திரம் பார்க்கும் பிட்டராக இருந்தவர். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி தீட்ட அக்கம்பக்கத்து லயங்களிலிருந்தும் அவரைத்தான் தேடி வருவார்கள். அரத்தை எடுத்து, விளிம்பில் பெருவிரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "வெட்டுகிற பக்கத்தைப் பார்த்து வாங்கியிருக்கிறாய் பாப்பா, வெட்டக்கூடாத பக்கத்தைப் பார்க்கவில்லையே" என்றார். ஆறு மாதத்தில் எனக்கு யாரும் சொல்லாத பாடம். சொல்லியிருக்கலாம் என்ற கோபம் இன்னும் ஆறவில்லை.

ஆகவே முதல் வேலை இது. புதிய முப்பட்டை அரத்தின் மூன்று விளிம்புகளையும் சாணைச் சக்கரத்தில் பல் முழுதும் போகும்வரை தேயுங்கள். நான் டிக்கோயாவில் ஒரு வெல்டிங் கடையில் தேய்த்தேன். இரண்டு விநாடி பிடித்தால் உடனே தண்ணீரில் முக்க வேண்டும். எஃகு நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று பொருள், பக்கத்துப் பற்களும் மழுங்கிவிடும். பிறகு எண்ணெய்க் கல்லில் விளிம்பை உருட்டி, 600, 1000 அரத்தாளில் மெருகேற்ற வேண்டும். கன்னத்தில் உரசினால் வலிக்கக்கூடாது. எனக்கு இரண்டு மாலை நேரங்கள் போயின. விளிம்பு மழுக்கிய அரம் விற்பனைக்கும் உண்டு, விலை வேறு. நான் கையிறுக்கமானவள். நிதானமாக வேலை செய்கிறவளும்கூட. அவசரக்காரர்களுக்கு என் வழி எரிச்சலூட்டும்.

பையில் என்ன இருக்க வேண்டும்:

- மட்டம் பிடிக்க, ஒற்றை வெட்டுத் தட்டை அரம். கைப்பிடி முனையை அறுத்துவிட்டு நேரான மரக்கட்டையில் ஒட்டியது. பல அரங்கள் நடுவில் இலேசாக வயிறு தள்ளியிருக்கும், ஒட்டுமுன் நேர்ச்சட்டத்தை வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள்.
- விளிம்பு மழுக்கிய முப்பட்டை அரம்.
- ஃபிரெட்டின் தலையை இரு பக்கமும் ஒன்றாக வளைக்கும் குழிவு அரம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் அழவேண்டாம்.
- ஃபிரெட் முனைகளுக்குச் சிறிய ஊசி அரம். இதற்கும் ஒரு பக்கம் பல் இருக்கக்கூடாது.
- கறுப்பு மார்க்கர். சுண்ணக்கட்டி. பித்தளைத் தூரிகை.
- டேப். இரண்டு அடுக்கு. நான்கு இழுப்புக்கு ஒரு தடவை பாருங்கள்.

குழிவு அரம் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், பலர் பணத்தைத் தொலைப்பது அங்கேதான். ஃபிரெட் கம்பி எல்லாம் ஒரே அகலம் இல்லை. மண்டலின் கம்பி ஒன்றரை மில்லிமீற்றருக்கும் குறைவாக இருக்கும். பழைய பாணி கிற்றார்க் கம்பி சுமார் 2 மில்லிமீற்றர், ஜம்போ என்கிற பெரிய கம்பி 2.8 வரை போகும். குழிவின் அகலம் கம்பிக்குப் பொருந்தவில்லையென்றால் அரம் நல்லதா கெட்டதா என்ற பேச்சுக்கே இடமில்லை. குறுகிய குழிவு அகலக் கம்பியின் தலையில் இரண்டு தடங்களை உழுதுவிடும். அகலக் குழிவோ ஒல்லிக் கம்பியின் உச்சியை மட்டும் தேய்த்து அதைத் தட்டையாகவே விட்டுவிடும். எனவே முதலில் கம்பியை அளக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் கடைக்குப் போக வேண்டும். முப்பட்டை அரத்துக்கு இந்தக் கவலை கிடையாது. எந்த அகலமானாலும் தோளைச் சாய்த்துச் சாய்த்து எடுக்கலாம். பரீட்சை மண்டபத்தில் எந்தக் கழுத்தைத் தருவார்கள் என்று தெரியாதபோது அது பெரிய தைரியம்.

வைரத்தூள் பூசிய அரம் வாங்கவேண்டுமா என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். துருப்பிடிக்காத எஃகு ஃபிரெட் என்றால் வேண்டும், சாதாரண அரம் அதில் சீக்கிரம் மழுங்கும். ஜெர்மன் சில்வர் என்கிற வழக்கமான ஃபிரெட் கம்பிக்குத் தேவையில்லை. வாங்கினால் 150 இலக்கம் வேகமாக எடுக்கும், 300 இலக்கம் மெதுவாக எடுக்கும். அழுத்தாதீர்கள், அழுத்தினால் தூள் உதிர்ந்துவிடும். அது முன்னும் பின்னும் வெட்டும். பல் வைத்த அரம் முன்னால் தள்ளும்போது மட்டுமே வெட்டும், திரும்பி வரும்போது தூக்கிவிட வேண்டும். தூக்காமல் உரசி இழுப்பவரைப் பரீட்சகர் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

மை விடயத்தில் நான் பிடிவாதக்காரி. மட்டம் பிடித்த பிறகு ஒவ்வொரு ஃபிரெட்டின் தட்டையான தலையிலும் மார்க்கரால் கோடு போடுங்கள். இரு தோள்களிலும் அரம் ஓட ஓட அந்தக் கறுப்புக் கோடு ஒல்லியாகிக்கொண்டே வரும். தலைமயிர் அளவுக்கு வந்ததும் கையை எடுத்துவிடுங்கள். கோட்டை அழித்துவிட்டால் அந்த ஃபிரெட் பக்கத்து ஃபிரெட்டுகளைவிடத் தாழ்ந்துவிடும், அடுத்தது இரையும், மறுபடி மட்டம், மறுபடி வளைவு. மூன்று மணி நேரப் பரீட்சையில் அதற்கு இடமில்லை. கோடு நடுவில் நிற்கிறதா என்பதையும் பாருங்கள். ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் சுரமும் கொஞ்சம் ஒதுங்கும்.

வாய்மொழிக் கேள்வியில் எனக்கு வந்தவை இரண்டு. ஜெர்மன் சில்வரில் வெள்ளி எவ்வளவு? துளியும் இல்லை. செம்பு, நிக்கல், துத்தநாகம்தான், ஃபிரெட் கம்பியில் பெரும்பாலும் 18 சதவீதம் நிக்கல். அடுத்தது, தட்டையான தலை ஏன் கூடாது? தந்தி நடு உச்சியில் நிற்காமல் முன் ஓரத்தில் நின்றுவிடும், சுரம் பிசகும், இரைச்சலும் வரும் என்றேன். "வீணையில், சித்தாரில் அந்த இரைச்சலைத் தேடிப் பிடிக்கிறார்களே?" என்று மடக்கினார். அங்கே அது தந்தியைத் தாங்கும் குதிரையின் அகன்ற முகத்தில் திட்டமிட்டு வரவழைப்பது, மெட்டில், அதாவது அவற்றின் ஃபிரெட்டில், அல்ல என்று சொன்னேன். வீணையின் 24 மெட்டுகளும் மெழுகில் பதித்தவை என்பதையும் கேட்காமலே சேர்த்தேன். முதல் தடவை கண்ணாடி போடாதவர் அன்று கண்ணாடியைக் கழற்றிச் சிரித்தார்.

மலையில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. ஆடி, ஆவணி ஈரத்தில் அரம் இரண்டு நாளில் செம்மண் நிறமாகிவிடும். எல்லா அரங்களையும் ஒரே டப்பாவில் போட்டுக் குலுக்கிக்கொண்டு பஸ்ஸில் போகாதீர்கள், பல்லோடு பல் மோதி மழுங்கும். தனித்தனியாக இலேசான எண்ணெய்த் துணியில் சுற்றுங்கள். பரீட்சையன்று காலையில் எண்ணெயை முழுதும் துடைத்துச் சுண்ணக்கட்டி பூசுங்கள். எண்ணெய் இருந்தால் அரம் வழுக்கும். சுண்ணக்கட்டி பூசினால் உலோகத்தூள் பல்லிடுக்கில் அடைக்காது. அடைத்த தூளும் கீறும், அந்தக் கீறலுக்கு உங்கள் திறமை பொறுப்பில்லை என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள்.

கைப்பிடி இல்லாத அரத்தைக் கொண்டுபோக வேண்டாம். அப்பா எனக்கு மிலாறுக் கட்டையில் ஒன்று செதுக்கித் தந்தார், காய்ந்த தேயிலை மரம் நல்ல இறுக்கம். பக்கத்து மேசைப் பையன் அரத்தின் கைப்பிடி மாட்டும் வெறும் கூர்முனையைப் பிடித்துத் தள்ளி உள்ளங்கையில் குத்திக்கொண்டான். அவன் இரத்தம் துடைத்துக்கொண்டிருந்த கால் மணி நேரத்தில் நான் ஐந்து ஃபிரெட்டுகளுக்கு முனை உருட்டி முடித்தேன். முனை சரியா என்று பார்க்க அம்மாவின் பழைய நைலோன் சேலைத் துண்டு ஒன்று பையில் இருந்தது. கழுத்தின் ஓரமாக இழுத்தால் எங்கும் மாட்டக்கூடாது. பதினோராம் ஃபிரெட்டில் மாட்டியது. அதற்கு மட்டும் இன்னும் இரண்டு இழுப்பு.