பூலாம்பட்டித் துறை

கயிற்றை அவிழ்க்கப்போன படகோட்டி, வண்டியில் பால் கேன்களோடு விரைந்து வந்த பெரியவரைக் கண்டதும் கையை நிறுத்திக்கொண்டார்.

வண்டி பலகையில் ஏறியதும் படகு ஒருபக்கம் லேசாகச் சாய்ந்தது. "அண்ணா, நீங்க இப்படி வாங்க, அந்தப்பக்கம் பாரம் ஏறிருச்சுங்க" என்று என்னை இடம் மாற்றி நிற்கவைத்தார். அளவுகோல் எதுவுமின்றி, அவருடைய கால்களே அந்தச் சாய்வை அறிந்திருந்தன.

துறைமுகம் என்றால் கொங்கு நாட்டில் நாம் கடலையும் கலங்கரை விளக்கத்தையும்தான் நினைக்கிறோம். ஆனால் சேலம் மாவட்டத்துப் பூலாம்பட்டியையும் ஈரோடு மாவட்டத்து நெரிஞ்சிப்பேட்டையையும் காவிரியின் குறுக்கே இணைக்கும் இந்த விசைப்படகுத் துறையில், ஒரு துறைமுக ஊரின் பரபரப்பு அத்தனையும் இருக்கிறது.

30 மெகாவாட் மின்னுற்பத்திக்காகக் கதவணையில் தேக்கிய நீர்தான் ஆற்றை இங்கே ஏரிபோல் அகலவைத்திருக்கிறது. மேட்டூர் அணை 120 அடியை எட்டி உபரிநீர் பெருகி வரும்போது படகுப் போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள். அது சரியான முடிவுதான். ஆனாலும் எதிர்க்கரை கண்ணெதிரே தெரிய, பள்ளிப் பிள்ளைகளும் விவசாயிகளும் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

அந்த வெள்ள நாட்களுக்கென்று இரு கரைகளுக்கும் இடையே கூடுதல் பேருந்துகளை இயக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.