அழுதவர்க்கே வெற்றி: அசகுசா நாட்குறிப்பு

ஏப்ரல் 20, 2023, வியாழன்

டோக்கியோவின் அசகுசா பகுதியிலுள்ள சென்சோஜி புத்தர் கோயிலில் நாளை மறுநாள் 'நாகி சுமோ' நடக்கவிருக்கிறது. கைக்குழந்தைகளை இரண்டிரண்டு பேராகச் சுமோ கோதாவில் எதிரெதிரே பிடித்து நிறுத்தி, முதலில் அழும் குழந்தையை வென்றதாக அறிவிக்கும் விழா இது. பெருந்தொற்றினால் நின்றுபோய், நான்கு ஆண்டுகளில் முதன்முறையாக இப்போதுதான் மீண்டும் நடக்கிறது. என்னுடன் பணிபுரியும் ஒருவர் தம் பெண்குழந்தைக்கு இடம் கிடைத்த செய்தியை, பிள்ளை பரீட்சையில் முதலிடம் பெற்றதைப் போல அலுவலகம் முழுவதும் சொல்லிவருகிறார். பிள்ளையை வேண்டுமென்றே அழவைப்பதில் என்ன மங்கலம் இருக்கிறது என்று கேட்க வாயெடுத்தவன், அவருடைய முகமலர்ச்சியைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். ஓங்கி அழும் குழந்தை நோயின்றி வளரும் என்பதும், அந்தக் குரலுக்குத் தீய ஆவிகள் அஞ்சி ஓடும் என்பதும் இங்குள்ளவர்களின் நம்பிக்கை.

ஏப்ரல் 22, 2023, சனி

பங்கேற்ற குழந்தைகள் 64 பேர். ஒவ்வொருவர் இடுப்பிலும் சுமோ வீரர்கள் அரங்கேறும்போது கட்டுகிற அலங்கார முன்துணியின் சிறு வடிவம் தொங்கியது. முந்தைய ஆண்டுகளில் மாணவ மல்யுத்த வீரர்கள் குழந்தைகளைத் தூக்கிப் பிடிப்பது வழக்கம். இம்முறை பெற்றோரே பிடித்துக்கொண்டார்கள். சிறிய மாற்றமாகத் தோன்றினாலும் ஆட்டத்தின் போக்கையே அது மாற்றிவிட்டது என்பது என் எண்ணம். முன்பின் தெரியாத பருத்த மனிதர் ஒருவரின் கைக்குப் போனதுமே பாதிக் குழந்தைகள் அழத் தொடங்கிவிடும். தாயின் கையில் இருக்கும் குழந்தைக்கோ அழுவதற்கு ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணத்தை உண்டாக்கும் பொறுப்பு முழுவதும் கொம்பு வைத்த அரக்கன் முகமூடியணிந்த விழாப் பணியாளர்கள்மீது விழுந்தது.

நண்பரின் மகளுக்கு எதிரே ஓர் ஆண்குழந்தை. பட்டாடையும் உயர்ந்த தொப்பியும் அணிந்த நடுவர் மரவிசிறியை நீட்டியதும், அரக்கன் உறுமியபடி இரண்டு முகங்களுக்கும் நடுவில் குனிந்தான். பெண் கொட்டாவி விட்டாள். பையன் முகமூடியைச் சற்று நேரம் ஆராய்ந்துவிட்டு, எட்டி ஒரு கொம்பைப் பற்றிக்கொண்டான், விடவும் இல்லை. குனிந்த முதுகோடு அரக்கன் நின்ற நிலையைக் கண்டு கூட்டம் சிரித்தது. ஒருவழியாக விரல்களைப் பிரித்துக்கொண்டு அவன் பின்வாங்கினானே, அப்போது வந்தது அழுகை. விளையாட்டுப்பொருள் பறிபோன கோபத்தில் பையன் வீறிட, நடுவரின் விசிறி அவன் பக்கம் சாய்ந்தது. அது அச்சத்தினால் வந்த அழுகையன்று என்று முறையிட விதியில் இடமில்லை. தோற்ற பெண், ஆடையை அவிழ்க்கும்போது அழுது தீர்த்தாள்.

ஏப்ரல் 23, 2023, ஞாயிறு

நாகி சுமோவுக்கு 400 ஆண்டு வரலாறு உண்டு என்று எழுதுவது செய்தியாளர்களின் வாடிக்கை. அது ஜப்பானின் பல ஊர்களில் வழங்கும் இந்த மரபைப் பற்றிய பேச்சு. அசகுசா விழா அவ்வளவு பழையதன்று. கோயிலின் பிரதான மண்டபத்துக்குப் பின்னால், ஜப்பானின் மரபு நாடக வகையான கபுகியின் நடிகர் ஒன்பதாம் இச்சிகாவா தஞ்சூரோ 'ஷிபராகு' நாடகத்தின் நாயக வேடத்தில் நிற்கும் வெண்கலச் சிலை ஒன்று இருக்கிறது. 1919இல் நிறுவப்பட்ட மூலச் சிலையைப் போர்க்கால உலோகத் தேவைக்காக 1944இல் உருக்கக் கொடுத்துவிட்டார்கள். 1986இல் சிலை மறுபடி வார்க்கப்பட்டதன் நினைவாக ஏற்பட்டதே இங்குள்ள அழுகைப் போட்டி. அப்பாவிகளின் தலை துண்டிக்கப்படவிருக்கும் நேரத்தில் 'பொறு' என்று முழங்கியபடி நுழைந்து அவர்களைக் காப்பவன் அந்த நாயகன். தஞ்சூரோ பரம்பரை நடிகர்கள் மேடையில் உருட்டி விழிக்கும் பார்வை பட்டால் ஓராண்டுக்கு நோய் அண்டாது என்பது ரசிகர்களின் பழைய நம்பிக்கை. பிள்ளைகளின் நலம் வேண்டும் விழாவுக்கு இவனைவிடப் பொருத்தமான காவலன் கிடைப்பது அரிது.

ஏப்ரல் 30, 2023, ஞாயிறு

அசகுசாவிலிருந்து புறப்படும் தோபு ரயில்வேயின் தடத்திலேயே வடக்கே போனால், தோச்சிகி மாநிலத்தின் கனுமா நகரில் மொமியாமா என்ற சிறு நிலையம் வருகிறது. பழைய நாகி சுமோக்களில் பெயர்பெற்ற ஒன்று, அங்குள்ள இக்கிகோ ஷிண்டோ ஆலயத்துடையது. விழா செப்டம்பரில்தான் என்று தெரிந்தே, இடத்தைப் பார்த்துவர இன்று போனேன்.

1549இல் இந்த ஊரில் ஒரு குழந்தை பெரியம்மையில் இறந்துபோனதாகவும், பெற்றோர் இந்தத் தெய்வத்திடம் முறையிட்டுக் கிடக்க, மூன்றாம் நாள் அது உயிர்பெற்று எழுந்ததாகவும் தலவரலாறு சொல்கிறது. ஆலயத்தின் பெயரே அந்தப் பிழைத்த குழந்தையைக் குறிப்பதுதான். விழா நாளில் இடுப்புக்கச்சை கட்டிய ஊர்க்காரர்கள் குழந்தைகளைத் தலைக்குமேல் உயர்த்தி, 'யோய்ஷோ, யோய்ஷோ' என்று குரலெழுப்பி ஆட்டுவார்கள். முகமூடிக்கு வேலையில்லை. 1996இல் தேசிய அளவில் ஆவணப்படுத்த வேண்டிய நாட்டார் மரபுகளில் ஒன்றாக இதை ஜப்பானிய அரசு தேர்ந்தெடுத்தது.

பிள்ளையை அழவைப்பதில் என்ன மங்கலம் என்று 20ஆம் தேதி நான் கேட்காமல் விட்ட கேள்விக்கு விடை இந்தத் தலவரலாற்றில் இருப்பதாகவே படுகிறது. ஜப்பானில் அம்மைப்பால் குத்துவது வெற்றிகரமாகத் தொடங்கியது 1849இல், நாகசாகியில். அதுவரை, பெற்ற பிள்ளை அம்மைக்குத் தப்புமா என்பது யாருக்கும் நிச்சயமில்லை. அம்மைத் தெய்வத்தைத் தணிக்கச் சிவப்புப் பொம்மைகளையும் சிவப்பு மையில் அச்சிட்ட படங்களையும் நோயாளிக் குழந்தையின் அருகில் வைத்தார்கள். முனகக்கூடத் தெம்பின்றிக் கிடக்கும் பிள்ளையின் பக்கத்தில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்த தாய்க்கு, அது வீறிட்டு அழுவதைவிட நல்ல செய்தி வேறென்ன இருந்திருக்கும்? அசகுசாவில் எனக்கு வேடிக்கையாகப் பட்ட விதியை இங்கே வேடிக்கையாகக் கொள்ள முடியவில்லை.

மே 2, 2023, செவ்வாய்

இந்தக் குறிப்புகளைப் படித்த சிலர், இது குழந்தைகளைத் துன்புறுத்துவதாகாதா என்று கேட்டிருக்கிறார்கள். நான் பார்த்தவரையில் எந்தக் குழந்தையின் அழுகையும் தாயின் தோளில் சாய்ந்த பிறகு நீடிக்கவில்லை. அச்சுறுத்தலையே நோக்கமாகக் கொண்ட சடங்கு வேண்டுமானால் அகிதா மாநிலத்தின் ஓகா தீபகற்பத்துக்குப் போகலாம்; டிசம்பர் 31 இரவில் 'நமஹகே' எனப்படும் அரக்க வேடதாரிகள் வைக்கோல் உடையோடு வீடு புகுந்து, சோம்பேறிப் பிள்ளை உண்டா, அழுகிற பிள்ளை உண்டா என்று கத்துவார்கள். அங்கே அழுகை குற்றம், இங்கே தகுதி.

நாகி சுமோவுக்குள்ளேயே விதிகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதையும் சொல்ல வேண்டும். நாகசாகி மாநிலம் ஹிராதோவில் சைக்கியோஜி கோயிலில் பிப்ரவரி மாதம் நடக்கும் போட்டியிலும் முதலில் அழுபவருக்கே வெற்றி. இவாத்தே மாநிலத்தின் ஹனமாக்கியிலுள்ள மிக்குமானோ ஆலயத்திலோ முதலில் அழுபவர் தோற்றவர். இதை நண்பரிடம் சொன்னபோது, அங்கே போயிருந்தால் தம் மகள்தான் வென்றிருப்பாள் என்று உடனே கணக்குப் போட்டவர், ஹனமாக்கிக்கு ஷின்கான்சென் அதிவேக ரயில் கட்டணம் எவ்வளவு என்று பார்க்கத் தொடங்கிவிட்டார்.