ஷ்பார்கல் உரிக்கப் படித்த கதை

பொங்கலுக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில், மஞ்சளும் உப்பும் போட்டு அவித்த பனங்கிழங்கைச் சுளகில் கொட்டி அம்மா தோல் உரிக்க, நான் நார் எடுத்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு அத்தை வந்து உட்கார்ந்து, "ஏட்டி, ஜெர்மனில என்னத்தத் தின்னுட்டுக் கெடக்கீங்க?" என்று கேட்டாள். கையில் கிழங்கு இருந்ததால் எனக்கு ஷ்பார்கல் ஞாபகம்தான் வந்தது.

ஆஸ்பரகஸைத்தான் அங்கே ஷ்பார்கல் என்பார்கள். நம் ஊர் நாட்டு மருந்துக் கடையில் விற்கிற தண்ணீர்விட்டான் கிழங்குக்கு ஒன்றுவிட்ட சொந்தம். இங்கே வேரைத் தின்கிறோம், அங்கே மண்ணை முட்டிக்கொண்டு வருகிற குருத்தைத் தின்கிறார்கள். ஜெர்மன்காரர்களுக்கு உயிர் வெள்ளை ஷ்பார்கல்தான். மண்ணை வரப்பு மாதிரி உயரமாகக் கூட்டி, தண்டை அதற்குள்ளேயே வளரவிட்டு, வெளிச்சம் படுவதற்கு முன்னால் தோண்டி வெட்டி எடுத்துவிடுவார்கள். வெயில் பட்டால் நுனி ஊதாவாகும், அப்புறம் பச்சையாகும். வெட்டுகிற வேலைக்கு ருமேனியாவிலிருந்தும் போலந்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். குனிந்து குனிந்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும், அதனால்தான் அந்த விலை.

கல்யாணமாகி மான்ஹைம் பக்கம் போய் இறங்கிய முதல் வருஷம், ஏப்ரல் பாதியில் திடீரென்று ரோட்டோரம், கார் நிறுத்துகிற இடம் எங்கு பார்த்தாலும் சின்னச் சின்ன மரக் கடைகள் முளைத்தன. உள்ளே மெழுகுவர்த்தியை அடுக்கி வைத்த மாதிரி வெள்ளைத் தண்டுகள். எல்லோரும் வரிசையில் நின்று வாங்குகிறார்களே என்று நானும் ஒரு கிலோ வாங்கினேன், 12 யூரோ. ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய காயை பீன்ஸ் மாதிரி பொடியாக நறுக்கி, கடுகு தாளித்து, தேங்காய் போட்டுப் பொரியல் வைத்தேன். தோல் சீவ வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை. வாயில் போட்டால் கசப்பு, அதோடு தேங்காய்த் தும்பைக் கடிப்பது போல நார். முருங்கைக்காயையாவது சப்பித் துப்பலாம், இதில் அதுவும் முடியாது. வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

கீழ்வீட்டில் ஒரு பாட்டி தனியாக இருந்தார். அப்போது எனக்குத் தெரிந்த ஜெர்மன் மொத்தமும் பேக்கரியில் ரொட்டி கேட்கத்தான் காணும். குப்பை போடப் போனபோது என் பையில் கிடந்த ஷ்பார்கலைப் பார்த்துத் தலையில் கைவைக்காத குறையாக என்னை உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்துவிட்டார். பாஷை வேண்டியிருக்கவில்லை, கையைப் பார்த்தாலே போதும்.

முதலில் வாங்குவது. இரண்டு தண்டை ஒன்றோடொன்று உரசினால் கீச்சென்று சத்தம் வர வேண்டும், அடிவெட்டை நகத்தால் அழுத்தினால் ஈரம் கசிய வேண்டும். வாங்கியதை ஈரத்துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். அம்மா வெற்றிலையைச் சுற்றி வைப்பாளே, அதே மாதிரிதான்.

அடுத்தது உரிப்பது. நான் கேரட் சீவுகிற மாதிரி தண்டை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு இழுத்தேன், இரண்டாவது இழுப்பிலேயே பட்டென்று ஒடிந்தது. வேகாத தண்டு அவ்வளவு நொறுங்கும். முன்கையின் மேல் படுக்கப் போட்டு, நுனியை விரல்களால் தாங்கிக்கொண்டு, தலைக்கு இரண்டு விரற்கடை கீழே ஆரம்பித்து அடிவரைக்கும் ஒரே இழுப்பாகச் சீவ வேண்டும். மேலே மெல்லிசாக, கீழே போகப் போகக் கனமாக, அடிப்பக்கம் இரண்டு தடவைகூட. தலையில் கை வைக்கக்கூடாது. அடியில் கட்டையாக இருக்கிற துண்டு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வெட்டிவிட வேண்டும். சீவி முடித்ததும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், எங்கே பளபளவென்று இருக்கிறதோ அங்கே இன்னும் தோல் இருக்கிறது.

எனக்குக் கை வரவில்லை. கை வரவில்லை என்பதைவிட மனசு வரவில்லை என்று சொல்வதுதான் சரி. பீர்க்கங்காய்த் தோலைத் துவையல் அரைக்கிற வீட்டில் பிறந்தவள் நான். தோலைக் கனமாகச் சீவினால் அம்மாவின் குரல் காதில் கேட்கும். நான் மெல்லிசாகச் சீவிச் சீவி வைக்க, பாட்டி ஒவ்வொன்றாக எடுத்துத் தடவிப் பார்த்து, தலையாட்டி, மறுபடி என் கையிலேயே கொடுத்தார். ஒரு கிலோவுக்கு ஒரு மணி நேரம் ஆனது. கடைசியில் அவர் அந்தத் தோல் குவியலையும் வெட்டிய அடித்துண்டுகளையும் அள்ளி ஒரு பானையில் போட்டுத் தண்ணீர் ஊற்றி, உப்பும் ஒரு சிட்டிகைச் சர்க்கரையும் கொஞ்சம் வெண்ணெயும் சேர்த்துக் கொதிக்க வைத்தாரே, அப்போதுதான் என் வயிறு குளிர்ந்தது. கால் மணி நேரம் போதும், அதிகம் கொதித்தால் கசக்கும். வடிகட்டிய தண்ணீரில்தான் தண்டையே வேகவைத்தார், மிச்சம் சூப்புக்கு. தோல் பானைக்குள் போகப்போகிறது என்பதால் சீவுவதற்கு முன்பே மண் போகக் கழுவிவிட வேண்டும், இதை மட்டும் மறக்கக்கூடாது.

பச்சை ஷ்பார்கலுக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. அடியில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் லேசாகச் சீவலாம், இளசென்றால் அதுவும் வேண்டாம். ஆனால் தலையில் செதில் செதிலாக இருக்கிற இடத்தில் மண் ஒளிந்திருக்கும், தலைகீழாகத் தண்ணீரில் விட்டுக் கீரை மாதிரி அலச வேண்டும். சிலர் வளைத்து ஒடித்து, ஒடிகிற இடத்துக்குக் கீழே எல்லாவற்றையும் குப்பையில் போடுவார்கள், அது எனக்கு ஒப்பாது, நல்ல பாகமும் சேர்ந்து போகும். என் பொரியலுக்குச் சரியான காய் இதுதான், ஐந்து நிமிஷத்தில் வெந்துவிடும்.

வெள்ளைக்கு அவர்கள் முட்டைக்கருவும் வெண்ணெயும் அடித்த ஒரு சாஸ் ஊற்றி, அவித்த உருளைக்கிழங்கோடு சாப்பிடுகிறார்கள். எனக்கு நாலாவது வாயில் திகட்டிவிட்டது. அடுத்த வருஷம்தான் சொதி யோசனை வந்தது. பாசிப்பருப்பை வேகவைத்து, இரண்டாம் தேங்காய்ப்பாலோடு அந்தத் தோல் தண்ணீரையும் சேர்த்து, இஞ்சி பச்சைமிளகாய் போட்டு, இரண்டு அங்குலத் துண்டுகளாக வெட்டிய தண்டை அதில் வேகவிட்டு, தலைகளைக் கடைசியில் போட்டு, முதல் பால் ஊற்றி இறக்கி எலுமிச்சை பிழிந்தேன். வீட்டுக்காரர் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். (சாப்பிட்டபின் சிறுநீரில் ஒரு வாடை வரும், பயப்பட ஒன்றுமில்லை.)

ஜூன் 24 வந்தால் வெட்டை நிறுத்திவிடுவார்கள். அதற்குமேல் தண்டை விட்டால்தான் செடி தழைத்து, அடுத்த வருஷத்துக்கு வேரில் சத்துச் சேரும். செர்ரி சிவந்தால் ஷ்பார்கல் செத்தது என்று அங்கே ஒரு சொலவடை உண்டு.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அத்தை, "அப்பம் அந்தச் சொதி நல்லாத்தான் இருக்குமோ?" என்றாள். போன மே மாதம் அம்மா என்னோடு வந்து இருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் கிழங்கிலிருந்து கண்ணை எடுக்காமலே அவளே சொல்லிவிட்டாள்: "நல்லாத்தான் இருந்துச்சு. ரெண்டு முருங்கக்கா போட்டிருந்தா சொதியா இருந்திருக்கும்."